சதுரப் பின்னும் உருண்டைப் பின்னும்: இரண்டு தேயிலை மலைகளின் சாக்கெட்டுகள்

மலேசியாவின் கேமரன் மலைக்கும் தமிழகத்தின் நீலகிரிக்கும் பொதுவானவை தேயிலையும் தமிழும் மட்டுமல்ல. இரண்டுமே தம் ஆறுகளை மறித்து மின்சாரம் எடுத்த மலைகள். நீலகிரியின் பைக்காராவில் 1932இல் மின்சாரம் பிறந்தது. கேமரனில் ரிங்லெட் ஏரியும் ஹாபு மின்நிலையமும் 1960களில் வந்தன. இன்று இரு ஊர் வீடுகளுக்கும் வருவது ஒரே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சுவரில் இருக்கும் சாக்கெட்தான் வேறு. அதை மாற்ற ஸ்குரூடிரைவர் எடுப்பவர் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்; ஒரு மலையில் பழகிய கை மற்றதில் தவறு செய்யும்.

இரண்டுக்கும் தாய்வீடு பிரிட்டன். உருண்டைப் பின் 1934ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து வந்தது. இந்தியா அதைத் திருத்தி 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என இரண்டு அளவுகளாக வைத்திருக்கிறது. சதுரப் பின் 1947இல் வந்தது. மலேசியா 13 ஆம்பியர் என்ற ஒரே அளவில் அதை ஏற்றுக்கொண்டது.

பாதுகாப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் இவற்றின் பெரிய வேறுபாடு. கேமரனில் அது பிளக்குக்குள்ளேயே இருக்கிறது. விளக்குக்கு 3 ஆம்பியர், கெட்டிலுக்கு 13 ஆம்பியர் என்று பிளக்கில் ஃபியூஸ் போட்டால், அந்தக் கருவியின் வயர் தாங்காத மின்னோட்டம் வரும்போது அதுவே உருகி நிற்கும். நீலகிரியில், குன்னூர் வீட்டின் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது. மெயின் போர்டில் உள்ள பிரேக்கரையோ ஃபியூஸ் கட்டையையோ நம்ப வேண்டும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பைக் கன்வர்ஷன் பிளக் வழியாக 6 ஆம்பியர் பாயிண்டில் மாட்டினால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் ஓடும். சாக்கெட் பழுப்பேறி உருகுவது பெரும்பாலும் இப்படித்தான். அங்கே அதே 6 ஆம்பியர் சாக்கெட்டைப் புதிதாகப் பூட்டுவதில் பயனில்லை. கனமான வயரோடு தனி 16 ஆம்பியர் பாயிண்ட் இழுக்க வேண்டும்.

கேமரனின் குற்றம் வேறு. சதுரச் சாக்கெட்டின் இரு துளைகளையும் ஒரு மூடி காக்கிறது. நீளமான எர்த் பின் முதலில் நுழைந்தால்தான் அது திறக்கும். குழந்தையின் விரலுக்காகச் செய்த இந்த ஏற்பாட்டை, எர்த் துளையில் பேனாவைக் குத்தித் திறந்து இரண்டு பின் சார்ஜரைத் திணிப்பவர்கள் பலர். அந்த உருண்டைப் பின்களுக்கு இடையே சுமார் 19 மி.மீ.; மலேசியத் துளைகளுக்கு இடையே 22.2 மி.மீ. அகட்டித் திணித்த பின் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடியைத் தளர்த்துகிறது. பிறகு நல்ல பிளக்கைச் செருகினாலும் தொடுப்பு இளகிச் சூடேறும். ஒரு மலிவான அடாப்டர் வாங்கினால் தீர்ந்துபோகும் வேலை இது.

அமைப்பை மட்டும் பார்த்தால் சதுரச் சாக்கெட்டே மேல் என்பேன். சாக்கெட்டைத் தாங்கும் பெட்டியில் அப்படிச் சொல்ல முடியவில்லை. நீலகிரியின் பழைய மரப்பெட்டி தாராளமானது. வயர்கள் நெரியாமல் கிடக்கும். ஆனால் மலைப் பனியில் மரம் ஈரம் குடிக்கும். மலேசியச் சதுரப் பெட்டியின் திருகுத் துளைகள் 60.3 மி.மீ. இடைவெளியில் நிலையாக இருப்பதால் எந்த நிறுவனத்தின் மூடியும் பொருந்தும். இது பெரிய வசதி. ஆனால் சுவருக்குள் புதைக்கும் பெட்டிக்குப் போதிய ஆழம் தேவை. பலகைச் சுவர் கொண்ட பழைய தோட்ட வீட்டில் அதற்கு இடமே இல்லை. அங்கே மேலே பதிக்கும் பிளாஸ்டிக் பெட்டியும் வயரை மூடும் டிரங்கிங்கும்தான் சரி. பார்க்க அழகில்லை என்று பலகையைக் குடைய வேண்டாம். ஆண்டு முழுதும் மழை பெய்யும் கேமரனின் தானா ராத்தா போன்ற ஊரில் ஈரம் தங்கினால் கண்ணில் படுவதும் அந்த மேல்பெட்டியில்தான்.

இனி மாற்றும் வேலை. இரு ஊரிலும் முதலில் டெஸ்டரை மின்சாரம் உள்ள ஓரிடத்தில் சோதித்து, பிறகு மெயினை அணைத்து, சாக்கெட்டில் மின்சாரம் இல்லை என்று அதே டெஸ்டரால் உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். பழைய சாக்கெட்டைக் கழற்றினால் கேமரனில் ஒவ்வொரு முனையிலும் இரண்டு வயர்கள் இருக்கலாம். மின் பகிர்வுப் பெட்டியான டி.பி.யில் அதற்கு 32 ஆம்பியர் பிரேக்கர் இருந்தால் அது பெரும்பாலும் வளையச் சுற்று: 2.5 சதுர மி.மீ. வயர் டி.பி.யில் கிளம்பி, எல்லாச் சாக்கெட்டுகளையும் தொட்டு, அங்கேயே திரும்புகிறது. சுமை இரு பக்கமாகப் பிரிவதால்தான் அந்த வயர் தாங்குகிறது. நீலகிரிப் பழக்கத்தில் ஒன்றைப் பூட்டி மற்றதை டேப் சுற்றி விட்டாலும் எல்லாச் சாக்கெட்டும் வேலை செய்யும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஒரு பக்க வயர் தன் பக்கச் சுமை முழுவதையும் தனியே சுமந்து சுவருக்குள் சூடேறலாம், பிரேக்கரும் விழாது.

ஆகவே புதியதைப் பூட்டும் முன், மெயின் அணைந்திருக்கும்போதே, அந்த இரண்டு லைவ் வயர்களுக்கு இடையே மல்டிமீட்டரால் தொடர்ச்சி பாருங்கள். அடுத்து நியூட்ரல் இரண்டுக்கும், எர்த் இரண்டுக்கும் அப்படியே. எதிலாவது தொடர்ச்சி காட்டாவிட்டால் வளையம் வேறெங்கோ அறுந்திருக்கிறது. அதைத் தேடுவது மலேசிய எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற வயர்மேனின் வேலை. அவர் வரும்வரை அந்தப் பிரேக்கர் அணைந்தே இருக்கட்டும்.