வாத்தியாரின் மாலைப்பொழுது: காபி கிளப் முதல் டூரிங் டாக்கீஸ் வரை

மாலை நாலரை மணிக்குப் பள்ளிக்கூடத்தின் கடைசி மணி அடித்த பிறகு ஆசிரியர் எங்கே போனார், என்ன சாப்பிட்டார், எந்தப் படம் பார்த்தார்? கல்வி வரலாற்றுப் புத்தகங்களில் இதற்கு இடம் இருப்பதில்லை. அவற்றில் பாடத்திட்டம் இருக்கும், சட்டங்கள் இருக்கும், எத்தனை பள்ளிகள் திறக்கப்பட்டன என்ற கணக்கு இருக்கும். ஆசிரியரின் ஓய்வு நேரம் மட்டும் இருக்காது. ஆனால் தமிழ்நாட்டில் ஓர் ஆசிரியர் ஒரு டம்ளர் காபி குடிப்பதற்கும், ஒரு சினிமா பார்ப்பதற்கும் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதில் சாதி இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, ஊர் வாய் இருக்கிறது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

காபி கிளப் வந்த கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு நகரங்களில் காபி ஒரு புதிய பழக்கம். காலையில் நீராகாரம் குடித்து வந்த குடும்பங்களில் காபி நுழைந்ததைப் பெரியவர்கள் பலர் கண்டித்தார்கள். வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தலைப்பிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். காபி என்பது நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக எப்படி மாறியது என்பதை அவர் காட்டுகிறார். பள்ளி ஆசிரியர், குமாஸ்தா, வக்கீல் ஆகியோர்தான் இந்தப் புதிய வர்க்கம். அவர்கள் கூடிப் பேசும் இடமாகக் காபி கிளப் ஆனது. பத்திரிகை படிப்பதும், அரசியல் பேசுவதும், கச்சேரி பற்றி வாதம் செய்வதும் அங்கேதான். சுமார் பத்தாண்டுகள் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்த தி.ஜானகிராமனின் கதைகளில் காபி ஒரு கதாபாத்திரம் போலவே வந்து போவதைப் படித்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் இந்தக் காபி எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. பல ஹோட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இந்தப் பிரிவினை இருந்தது. பெரியாரும் நீதிக்கட்சியினரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941-இல் தான் ரயில்வே இந்தத் தனிப் பந்தியைக் கைவிட்டது. விடுதலைக்குப் பிறகும் ஹோட்டல் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் இருந்தது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே என்ற ஹோட்டலின் முன் திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். பிறகு அந்தச் சொல் பலகையிலிருந்து நீங்கியது.

ஒரே பிரிவில் ஹோட்டலும் கொட்டகையும்

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவைப் பலரும் வேலைவாய்ப்பு, கல்வி தொடர்பாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் இரண்டாவது உட்பிரிவு வேறு ஒன்றைச் சொல்கிறது. கடைகள், உணவு விடுதிகள், தங்கும் விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழைய சாதி, மதம் முதலிய காரணங்களைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்பதே அது. அதாவது வெளியே போய்ச் சாப்பிடுவதையும் சினிமா பார்ப்பதையும் நாட்டின் அடிப்படைச் சட்டமே குடிமகனின் உரிமையாக எழுதி வைத்தது. சாதாரணப் பொழுதுபோக்கு என்று நாம் நினைப்பதற்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதிலேயே அன்றைய நிலைமை புரியும்.

சட்டம் வந்த பிறகும் கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் முறை பல பத்தாண்டுகள் நீடித்தது. ஒரு தலித் ஆசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பகலில் ஊர்ப் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். மாலையில் அதே ஊரின் டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர். அதைக் குடிக்க மனமில்லாதவர் டீயே குடிக்காமல் சைக்கிளை மிதித்துப் பக்கத்து டவுனுக்குப் போவார். டவுனில் யாருக்கும் அவரைத் தெரியாது. காசு கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே டம்ளர். இவருக்கு வெளியே போய்ச் சாப்பிடுவது என்பது ருசிக்காக மட்டும் அல்ல, மரியாதைக்காகவும் தான்.

கூடாரத்தில் வந்த சினிமா

தமிழ்நாட்டில் சினிமாவை ஊர் ஊராகக் கொண்டு போனவர்களில் முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த இவர், 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். பின்னர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தர அரங்கைக் கட்டினார். சென்னையில் 1913-இல் எலக்ட்ரிக் தியேட்டரும், 1914-இல் ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி தியேட்டரும் வந்தன. 1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' வெளியானதும் சினிமா பேசத் தொடங்கியது.

நகரத்தில் தியேட்டர் என்றால் கிராமத்தில் டூரிங் டாக்கீஸ். கீற்றுக் கொட்டகை அல்லது துணிக் கூடாரம். இருட்டிய பிறகுதான் ஆட்டம். ஒரே ஒரு புரொஜெக்டர் இருப்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. அந்த இடைவேளைகளில் முறுக்கு, கடலை, சோடா வியாபாரம் நடக்கும். தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்புகள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு. படம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் வைக்கும் பாட்டு அடுத்த ஊர் வரை கேட்கும். எந்தப் பாட்டு போட்டால் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இலங்கைப் பேராசிரியர் கா.சிவத்தம்பி தமிழ் சினிமாவைப் பற்றி 1981-இல் எழுதியபோது ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகை தான். அங்கே இடம் சாதியால் அல்ல, டிக்கெட் காசால் முடிவானது என்பது அவர் வாதம். பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் சிவத்தம்பியும் கொழும்பு சாஹிராக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

வாத்தியார் சினிமா பார்க்கலாமா?

அந்தக் காலத்தில் இது ஒரு பெரிய கேள்வி. காந்தியடிகள் சினிமாவைத் தீமை என்றார். ராஜாஜிக்கும் சினிமா பிடிக்காது. அவர்களுக்கு எதிர் அணியில் நின்ற பெரியாரும் சினிமாவைக் கடுமையாகக் கண்டித்தார். அரசியலில் ஒன்றுசேராதவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள்! தலைவர்களே இப்படிச் சொல்லும்போது, ஊருக்கு நல்வழி காட்ட வேண்டிய வாத்தியார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா?

ஆகவே பல ஆசிரியர்கள் இரண்டாம் ஆட்டத்துக்குப் போனார்கள். விளக்கு அணைந்த பிறகு உள்ளே போய், கடைசிக் காட்சி முடியும் முன் வெளியே வந்துவிடுவார்கள். கொட்டகையில் வாத்தியாரைப் பார்த்த பையன் ஒளிவான். பையனைப் பார்த்த வாத்தியாரும் ஒளிவார். மறுநாள் வகுப்பில் இருவருமே அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

இந்தத் தயக்கத்தை உடைத்ததும் சினிமா தான். 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யின் வசனங்களை மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். அந்தப் படத்தோடு திறக்கப்பட்ட மதுரை தங்கம் தியேட்டரில் 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. அடுத்து 'ஔவையார்' (1953), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'கப்பலோட்டிய தமிழன்' (1961), 'திருவிளையாடல்' (1965) என்று படங்கள் வந்தபோது ஆசிரியர்களே மாணவர்களை வரிசையாக அழைத்துப் போனார்கள். தமிழாசிரியருக்கு இது நல்ல வாய்ப்பு. நக்கீரர், தருமி கதையைப் படம் காட்டிவிட்டது. மறுநாள் அவர் குறுந்தொகைப் பாட்டை நடத்தினால் போதும். பொழுதுபோக்கு பாடமானது, ஆசிரியரும் வெளிப்படையாகப் படம் பார்க்க முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'வாத்தியார்' என்ற பட்டப்பெயரை ரசிகர்கள் எம்.ஜி.ஆருக்கே கொடுத்துவிட்டார்கள். அவர் 'ஆனந்த ஜோதி' (1963) படத்தில் பள்ளி ஆசிரியராகவே நடித்தார். மாணவனாக வந்தவர் சிறுவன் கமல்ஹாசன். உண்மையான வாத்தியார் தரை டிக்கெட் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து, "வாத்தியார் வாழ்க!" என்ற விசிலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மெஸ் சாப்பாடும் விடைத்தாள் முகாமும்

1950களிலும் 60களிலும் காமராஜர் ஆட்சியில் கிராமம் தோறும் பள்ளிகள் திறந்தன. 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பள்ளி பெருகியதால் ஆசிரியர் வேலையும் பெருகியது. ஆனால் வேலை சொந்த ஊரில் கிடைக்கவில்லை. முன்பின் தெரியாத ஊரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிட்ட இளம் ஆசிரியர்கள் ஏராளம். சம்பளத்தில் பாதி வீட்டுக்கு மணியார்டர் போய்விடும். மீதியில் மெஸ் பாக்கி, வாடகை. எஞ்சியதில் சனிக்கிழமை டவுனில் ஒரு நெய் ரோஸ்ட், ஒரு படம், கடைசி பஸ். அந்த பஸ்ஸைத் தவறவிட்டால் நடை தான். 1948 முதல் 1971 வரை மாநிலம் முழுவதும் மதுவிலக்கு இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சட்டப்படி செலவு செய்யக்கூடிய இன்பங்கள் காபியும் சினிமாவும் தான்.

ஆண்டுக்கு ஒரு முறை வரும் திருவிழா விடைத்தாள் திருத்தும் முகாம். பொதுத் தேர்வு முடிந்ததும் ஆசிரியர்கள் பெரிய ஊர்களில் கூடுவார்கள். பகல் முழுவதும் சிவப்பு மை. மாலையில் விடுதலை. யாரும் தங்களை அடையாளம் காணாத ஊர் அது. எந்த ஹோட்டலில் சாம்பார் நன்றாக இருக்கும், எந்தத் தியேட்டரில் புதுப்படம் என்ற தகவல் முதல் நாளே பரவிவிடும். சென்னைக்கு வந்தவர்கள் 1962-இல் கதீட்ரல் சாலையில் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டலில் மரத்தடியில் மணிக்கணக்காக உட்காரலாம். யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். அது 2008-இல் மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

ஆசிரியைகளின் ஓய்வு

பெண் ஆசிரியைகளுக்கு இந்தச் சுதந்திரமும் கிடைக்கவில்லை. தனியாக ஹோட்டலுக்குள் நுழைந்து ஒரு காபி குடிப்பது 1970களில் கூடச் சிறு ஊர்களில் நினைத்துப் பார்க்க முடியாதது. ஹோட்டல்களில் 'ஃபேமிலி ரூம்' என்று திரை போட்ட அறை இருக்கும். கணவர் வந்தால் அங்கே உட்காரலாம். சினிமா என்றால் நாலைந்து பேர் சேர்ந்து விடுமுறை நாளில் மேட்னி. இருட்டும் முன் வீட்டுக்கு வந்து சமையலைத் தொடங்க வேண்டும். ஆசிரியரின் வேலை நாலரைக்கு முடிந்தது. ஆசிரியையின் இரண்டாவது வேலை நாலரைக்குத் தொடங்கியது. திரையில் 'கடலோரக் கவிதைகள்' (1986) படத்து டீச்சர் கடற்கரையில் உலாவியபோது, அதைப் பார்த்த நிஜ டீச்சர்களில் எத்தனை பேருக்கு அப்படித் தனியாக உலாவ ஒரு மாலை கிடைத்திருக்கும்?

தொலைக்காட்சிக்குப் பிறகு

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் படமும், வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சியும் வீட்டுக்கே வந்தன. 1993-இல் சன் டிவி வந்தது. டூரிங் டாக்கீஸ்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கெயிட்டி 2005-இல் நின்றது. மதுரை தங்கமும் இன்று இல்லை. ஆசிரியர்களின் சம்பளம் உயர்ந்தது, குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போவது சாதாரணமானது. 'வாகை சூட வா' (2011), 'சாட்டை' (2012), 'ராட்சசி' (2019) என்று ஆசிரியரைக் கதாநாயகராக்கிய படங்களும் வந்தன. அந்தப் படங்களின் ஆசிரியர்கள் இரவு பகலாக மாணவர்களுக்காகவே வாழ்கிறார்கள். அவர்கள் ஓய்வாக உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பதை எந்தப் படமும் காட்டியதில்லை.

இன்றைய ஆசிரியரிடம் காசு இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, நேரம் தான் இல்லை. பள்ளி முடிந்ததும் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் பதில் சொல்ல வேண்டும். தனியார் பள்ளி ஆசிரியர்கள் பலர் குறைந்த சம்பளத்தை ஈடுகட்ட டியூஷனும் எடுக்கிறார்கள். அன்று ஊரின் கண் ஆசிரியரின் மாலைப்பொழுதைக் காவல் காத்தது. இன்று போனின் மணி அந்த வேலையைச் செய்கிறது.

முடிவாக

ஆசிரியரின் ஓய்வு நேரம் அவருக்கு யாரும் போட்ட பிச்சை அல்ல. ஹோட்டல் பலகைக்காக மறியல் செய்தவர்களும், அரசியலமைப்பில் உணவு விடுதியையும் கேளிக்கை இடத்தையும் எழுதி வைத்தவர்களும், தனி டம்ளரைத் தொட மறுத்துச் சைக்கிளில் டவுனுக்குப் போனவர்களும் சேர்ந்து வாங்கித் தந்த உரிமை அது. நல்ல காபி குடித்து, நல்ல படம் பார்த்து, நாலு பேரோடு சிரித்துப் பேசிவிட்டு வரும் ஆசிரியர் மறுநாள் வகுப்பில் இன்னும் நன்றாகவே பாடம் நடத்துவார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அவர் எத்தனை மாணவர்களை டாக்டர் ஆக்கினார் என்பதோடு இதையும் கேட்டுப் பாருங்கள்: "சார், நீங்க முதன்முதலா எந்தக் கொட்டகையில படம் பார்த்தீங்க? அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு பாடம் கிடைக்கும்.