ஓக்கு மரமும் இழைய வளர்ப்பும்

பண்டைக் கிரேக்க நாட்டிலே, தொதோனா என்னுந் தலத்தில், சேயுசுத் தெய்வத்தின் திருவாக்கை ஓக்கு மரத்து இலைகளின் சலசலப்பிலே கேட்டனர் பூசாரிகள். ஆங்கிலேயரின் பழைய போர்க்கப்பல்கள் பெரும்பாலும் அம்மரத்தாலேயே ஆயவை. இத்துணைப் புகழ் வாய்ந்த மரச்சாதி இன்று இடருற்றுள்ளது. உலகிலே ஓக்கு இனங்கள் ஏறத்தாழ 430 உள. அவற்றுள் 113 இனங்கள் அழியும் நிலையை எதிர்நோக்குவதாக 2020 ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு கூறுகின்றது. காடழித்தல், காலநிலை மாற்றம், பிற நாடுகளிலிருந்து வந்து புகுந்த பீடைகள் ஆகியனவே முதன்மையான காரணங்கள்.

வித்துக்களைச் சேமித்து வைத்தால் என்ன என்று வினவுதல் இயல்பே. நெல்லை நன்கு உலர்த்தி வைத்தால் அடுத்த போகத்துக்கு முளைக்கும். பலாக்கொட்டையை அவ்வாறு உலர்த்தினால் அது செத்துப்போம். 1973 ஆம் ஆண்டில் ஆங்கில ஆய்வாளர் ரொபேட்சு என்பார் இவ்விரு வகைகளையும் வேறுபடுத்தி, முன்னதை ஒழுங்குக்கு அமைவது என்றும், பின்னதை அடங்காதது என்றும் பொருள்படப் பெயரிட்டார். ஓக்கு வித்தோ பலாக்கொட்டையின் வழிப்பட்டது. அதனை உலர்த்தினால் இறக்கும். ஈரத்துடன் உறையவைத்தால் உள்ளே தோன்றும் பனிக்கட்டி கலங்களைச் சிதைக்கும். ஆகவே வித்து வங்கிகளின் கதவு அதற்கு அடைபட்டதாயிற்று.

வேறொரு கதவு திறந்த வரலாறு நெடியது. 1902 இல் ஒசுத்திரிய அறிஞர் ஆபலாந்து, தாவரத்தின் தனிக்கலத்தை ஊட்டக் கரைசலில் வளர்த்து முழுத்தாவரமாக்கலாம் என்று எழுதினார். அவர் வளர்த்த கலங்கள் சிலகாலம் உயிருடன் இருந்தனவேயன்றிப் பிரியவில்லை. தாவர ஓமோன்கள் அக்காலத்தில் அறியப்படாதவை. தோல்வியுற்ற ஒருவரின் கட்டுரையே ஒரு துறைக்குத் தோற்றுவாயானமை கருதத்தக்கது. 1934 இல் உவைற்று என்பார் தக்காளி வேரை இடையறாது வளர்த்துக் காட்டினார். 1957 இல் விசுக்கொன்சின் பல்கலைக்கழகத்தில் சுக்கூக்கும் மில்லரும், இருவகை ஓமோன்களின் விகிதத்தை மாற்றினாலே வேரோ அங்குரமோ தோன்றும் எனக் கண்டனர். 1962 இல் முராசிகேயும் சுக்கூக்கும் அமைத்த ஊடகம் புகையிலைக்காக ஆக்கப்பட்டது. மரச்செடிகளுக்கென்றே ஓர் ஊடகம் அதே பல்கலைக்கழகத்திலிருந்து 1980 இல் வந்தது.

எனினும் ஓக்கு எளிதில் வசப்படவில்லை. வெட்டிய இடத்திலே தனீன் முதலிய பொருள்கள் கசிந்து, ஊடகத்தைக் கறுப்பித்து, இழையத்தையே கொன்றுவிடும். முதிர்ந்த மரத்தின் கொப்போ வேர்விட மறுக்கும். மரம் முதிர்ந்ததாயினும் அதன் அடிப்பகுதியிலிருந்து எழும் இளந்தளிர்கள் இளமையியல்பை இழக்காதவை. இவ்வியல்பைப் பயன்படுத்தி, முதிர்ந்த ஓக்கு மரங்களிலிருந்து சிறு செடிகளைப் பெற்றமையை இசுப்பானிய ஆய்வாளர் 1985 இல் வெளியிட்டனர்.

நெடுங்காலச் சேமிப்புக்கு வழிகாட்டியவர் யப்பானியர். குளிருக்குப் பழகிய மரக்கொப்புகள் திரவ நைதரசனில், பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையிலும் பிழைத்தமையைச் சக்காய் என்பார் 1960 இல் வெளியிட்டார். கலத்திலுள்ள நீரைப் பனிக்கட்டியாகவிடாது கண்ணாடிபோல் இறுகச் செய்யுங் கரைசலை அவருங் கூட்டாளிகளும் 1990 இல் அறிவித்தனர். அமெரிக்காவிலே சின்சினாற்றி மிருகக்காட்சிச்சாலையைச் சார்ந்த ஆய்வுகூடம் அருகிவரும் ஓக்குகளின் அங்குர நுனிகளுக்கு இத்தகைய முறைகளைக் கையாண்டு வருகின்றது.

இம்முயற்சியின் தேவையையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் மரம் ஒன்றுண்டு. குவேர்க்கசு தாடிபோலியா என்னும் இனத்தின் கடைசி மரம் 2011 இல் பட்டுப்போனதாகக் கருதப்பட்டது. 2022 ஆம் ஆண்டு மே மாதத்தில், ரெக்சாசு மாநிலத்துப் பிக் பெண்ட் தேசியப் பூங்காவிலே ஏறத்தாழ முப்பதடி உயரமான ஒரேயொரு மரம் கண்டுபிடிக்கப்பட்டது. ஓக்குகள் அயலினங்களுடன் எளிதிற் கலப்பன; ஆதலின் தனிமரத்து வித்து அதன் இனத்தைத் தூய்மையாகத் தருமென நம்புதற்கில்லை. இழைய வளர்ப்பு அம்மரத்தை அப்படியே தரவல்லது. ஆயினும் அவ்வாறு ஆயிரஞ் செடிகள் எடுப்பினும் பரம்பரையால் அவை ஒரு மரமே. ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையுங் கொல்லலாம். கண்டுபிடிக்கப்பட்ட அன்றே அம்மரத்தின் அடியிலே தீப்பட்ட வடுவும் பங்கசு நோயின் குறிகளும் காணப்பட்டன.