கூம்பின் கனவளவு: விடுபட்ட அளவைக் காணல்

ஒரே அடியும் ஒரே உயரமும் கொண்ட உருளையோடு ஒப்பிட்டால், கூம்பின் கனவளவு அதில் மூன்றில் ஒரு பங்கு. அடியின் பரப்பை உயரத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தால் விடை. கனவளவு தெரிந்து உயரமோ ஆரையோ தெரியாதபோது இதே சூத்திரத்தைத் திருப்பிப் போட வேண்டும். நடைமுறையில் அதிகம் தேவைப்படுவது இந்தத் திருப்பிய வடிவமே.

மூன்றில் ஒரு பங்கு என்று முதலில் சொன்னவர் டெமோக்கிரிட்டஸ், நிறுவியவர் யூடோக்சஸ் என்று ஆர்க்கிமிடீஸ் எழுதிவைத்தார். இந்தியாவில் பாதை சற்றே கோணலானது. கி.பி. 499இல் ஆரியபட்டர் முக்கோண அடி கொண்ட கூம்பகத்துக்குப் பாதி என்று விதி தந்தார், அது பிழை. 628இல் பிரம்மகுப்தர் மூன்றில் ஒன்று என்று சரியாகச் சொன்னார்.

அவரும், 1150இல் ‘லீலாவதி’ எழுதிய இரண்டாம் பாஸ்கரரும் தானியக் குவியலுக்கென்றே தனிக் கணக்கு வைத்தார்கள். களத்தில் குவிந்த தானியத்தின் ஆரையை அளக்க வழியில்லை. நடுப்புள்ளி தானியத்துக்கு அடியில் கிடக்கிறது. கயிற்றால் சுற்றளவை மட்டும் எடுக்கலாம். உயரத்தை லீலாவதி அதிலிருந்தே ஊகிக்கிறது: பருமணிக்குச் சுற்றளவில் பத்தில் ஒன்று, நுண்மணிக்குப் பதினொன்றில் ஒன்று, நெல் போன்ற முனையுள்ள தானியத்துக்கு ஒன்பதில் ஒன்று. மணிகள் எவ்வளவுக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றனவோ, அவ்வளவுக்குக் குவியல் செங்குத்தாக நிற்கும். பிறகு சுற்றளவின் ஆறில் ஒரு பங்கை வர்க்கித்து உயரத்தால் பெருக்கினால் கனவளவு. சுற்றளவு 60 முழம் என்றால் பருமணிக்கு உயரம் 6 முழம், கனவளவு 600 கன முழம். வட்ட விகிதத்தை 3 என்று கொண்டதால் விடை ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து கூடிவிடுகிறது. களத்து வேலைக்கு அது பெரிய குற்றமில்லை.

இன்று ஊவா மாகாணத் தோட்டப் பிள்ளைகள் இந்தச் சூத்திரத்தைத் தரம் 11இல் படிக்கிறார்கள். க.பொ.த. சாதாரண தரக் கணிதப் பரீட்சையில் கல்குலேட்டர் கிடையாது. மடக்கை அட்டவணைதான் துணை. கனவளவு 1232 கன சென்ரிமீற்றர், உயரம் 24 சென்ரிமீற்றர், ஆரை என்ன? மூன்றால் பெருக்கினால் 3696. அதை 24ஆலும் 22/7ஆலும் வகுத்தால் 49. வர்க்கமூலம் 7. வழக்கமாகச் சறுக்குவது மூன்று இடங்களில்: மூன்றால் பெருக்க மறப்பது, 49ஐயே விடையாக எழுதுவது, உயரம் வரவேண்டிய இடத்தில் 25 சென்ரிமீற்றர் சாயுயரத்தைப் போடுவது.

பாடப்புத்தகத்துக்கு வெளியே இதற்கு நல்ல வேலை வீடு கட்டும் இடத்தில் இருக்கிறது. பதுளைப் பக்கம் மணல் கியூப் கணக்கில் வருகிறது. 1 கியூப் என்பது 100 கன அடி. லொறி கொட்டிய குவியலின் சுற்றளவு 33 அடி என்று வைப்போம். ஆரை ஐந்தேகால் அடி, அடிப்பரப்பு 86.6 சதுர அடி. முழுக் கியூப் என்றால் உயரம் 300ஐ 86.6ஆல் வகுத்தது, அதாவது ஏறக்குறைய மூன்றரை அடி. குவியல் மூன்றடிதான் இருக்கிறதென்றால் 13 கன அடி மணல் குறைகிறது. லீலாவதி முறையில் போட்டால் அதே குவியல் 90.75 கன அடி காட்டும். வாங்குபவருக்கு அது நஷ்டக் கணக்கு.

தோட்டத்தில் சமதரை அபூர்வம். மணல் பெரும்பாலும் லயன் வீட்டுச் சுவரில் சாய்த்தே கொட்டப்படுகிறது. அதற்கும் பழைய நூலில் விதி உண்டு: சுவரோரக் குவியல் அரைக்கூம்பு, உள்மூலையில் கால், வெளிமூலையைச் சுற்றினால் முக்கால். அரைக்கூம்பானால் வளைந்த விளிம்பை அளந்து இரட்டித்து, முழுக் கூம்பாகக் கணக்கிட்டு, விடையில் பாதியை எடுக்கவேண்டும். சரிவில் கொட்டிய குவியலுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. மழையில் கரைந்து பரவியதற்கும் அப்படியே. ஆகவே மணல் வாங்குபவர்கள் லொறி நிற்கும்போதே நாடாவைப் பிடித்துவிடுவது நல்லது.