அலுப்பின் வரலாறு: மூளை வேதியியலும் சேவூர்க் குழித்தறியும்

முன்னுரை

உடல் தளர்ச்சியைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. மேடேறி மூச்சு வாங்குவது இளைப்பு. வெயிலில் நடந்து வந்தவருக்கு வருவது களைப்பு. நோயாலோ கவலையாலோ வருவது சோர்வு. அலுப்பு என்னும் சொல் இவற்றினின்று சற்றே விலகி நிற்கிறது. நெடும்பயணத்துக்குப் பின் உடம்பில் தங்கும் வலியும் அலுப்பே. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் சலிப்பும் அலுப்பே. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மூப்பு, பிணி முதலியவற்றோடு வருத்தத்தையும் இளிவரலின் நிலைக்களனாக வைத்ததும் இங்கு எண்ணத்தக்கது. உடலின் தளர்ச்சியை உள்ளத்தின் நிகழ்வாகக் கருதுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று.

மேனாட்டு உடலியங்கியல் இக்கருத்துக்கு மிகச் சுற்றியே வந்து சேர்ந்தது. அச்சுற்றுப்பயணம் நடந்த காலத்திலேயே வேலைநேரத்தை வரையறுக்கும் சட்டங்களும் உருவாயின. ஆரணியை அடுத்த சேவூரில் வீட்டுக்குள் பட்டு நெய்பவரின் அலுப்பு ஆய்வகத்திலும் சட்டத்திலும் ஏன் பதிவாகவில்லை என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

விரலும் மூளையும்

இத்தாலியின் தூரின் நகரில் பணியாற்றிய ஆஞ்செலோ மோசோ, விரலால் எடையைத் திரும்பத் திரும்பத் தூக்கும்போது ஒவ்வொரு தூக்கலின் உயரத்தையும் தாளில் பதிவுசெய்யும் கருவி ஒன்றை அமைத்தார். எர்கோகிராஃப் என்பது அதன் பெயர். 1891இல் வெளிவந்த அவரது ‘களைப்பு’ என்னும் நூலில் ஒரு சோதனை இடம்பெறுகிறது. அவருடைய உடனாசிரியர் மஜோரா மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்துவதற்கு முன்னும் பின்னும் இக்கருவியில் விரலை அசைத்தார். தேர்வில் உழைத்தது மூளை. விரல் வேலை செய்யவில்லை. ஆயினும் தேர்வுக்குப் பின் விரலின் ஆற்றல் வெகுவாகக் குறைந்திருந்தது.

இந்நூலின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது என் கருத்து. ஆனால் அடுத்து வந்த தலைமுறை இதனைப் பின்தொடரவில்லை. 1907இல் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளைத் தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதை அளந்து காட்டினர். அளக்கக்கூடிய ஒரு பொருள் தசையில் அகப்பட்டதும் ஆய்வின் கவனம் முழுவதும் தசைக்குச் சென்றது. 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஏ. வி. ஹில்லின் புகழும் தசை ஆய்வால் வந்ததே. அவரே 1924இல், உயிர்வளி குறையும்போது இதயத்தைத் தடுத்தாளும் ‘ஆளுநர்’ ஒன்று இதயத்திலோ நரம்பு மண்டலத்திலோ இருக்கலாம் என்று எழுதினார். அக்குறிப்பு எழுபதாண்டுக்கு மேல் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

மருத்துவர் நாயரின் மறுப்புரை

இதே காலத்தில் இந்தியாவில் களைப்பு சட்டத்தின் பொருளாயிற்று. 1907–08இல் செயற்பட்ட இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையத்தில் சென்னை மருத்துவர் டி. எம். நாயர் உறுப்பினராக இருந்தார். பின்னாளில் நீதிக்கட்சியை நிறுவியவர்களுள் ஒருவராக அறியப்பட்டவர் இவர். வயதுவந்த ஆண்களின் வேலைநேரத்தைச் சட்டத்தால் நேரடியாகக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை என்று பெரும்பான்மையினர் கருதினர். நாயர் தனியே மறுப்புரை எழுதி, கட்டுப்பாடு வேண்டும் என்றார். 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களின் வேலைநேரத்தை நாளொன்றுக்கு 12 மணியாக வரையறுத்தது. 1922இல் அது வாரத்துக்கு 60 மணியாகவும், 1934இல் 54 மணியாகவும், 1946இல் 48 மணியாகவும் குறைந்தது.

இவ்வெற்றியை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. எனினும் அதன் அளவுகோல் கடிகாரம். அதன் எல்லை ஆலையின் மதில். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்விசை இருப்பின் பத்துப் பேர், இல்லையெனில் இருபது பேர் வேலை செய்யும் இடமே தொழிற்சாலையாகக் கொள்ளப்பட்டது. கணவன் தறியில் அமர, மனைவி நூல் சுற்றித்தரும் வீடு அவ்வரையறைக்குள் வரவில்லை.

வீட்டுத்தறிக்கு ஒரு நன்மையும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சேலத்தில் அரசு நெசவுக்கூடம் ஒன்றை நடத்தியபோது, குறித்த நேரத்துக்கு வந்து குறித்த நேரம்வரை நெய்யும் ஒழுங்குக்கு நெசவாளர் எளிதில் இசையவில்லை. இதனைச் சோம்பல் என்று எழுதுவது அக்கால அலுவலர் வழக்கம். தம் உடல் சொல்லும்போது எழுந்துகொள்ளும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை என்று கொள்வதே பொருத்தம். முன்பணம் வாங்கி, புடவைக்கு இவ்வளவு என்னும் கூலிக்கு நெய்யும் நிலையில் அவ்வுரிமை பெயரளவில்தான் எஞ்சுகிறது.

செரட்டோனின் முதல் அடினோசின் வரை

மூளைக்குத் திரும்பும் வழியை 1987இல் ஆக்ஸ்ஃபோர்டின் எரிக் நியூஸ்ஹோமும் உடனாய்வாளர்களும் திறந்தனர். அவர்களது கருதுகோள் இவ்வாறு அமைந்தது. நீடித்த உழைப்பில் இரத்தத்தில் கொழுப்பமிலம் பெருகும். அது அல்புமின் புரதத்தோடு ஒட்டியிருக்கும் டிரிப்டோஃபானை விலக்கி விடுவிக்கும். அதே நேரத்தில் கிளைத்தொடர் அமினோ அமிலங்களைத் தசை எரித்துவிடும். மூளைக்குள் நுழைய இவ்விரு வகையும் ஒரே வாயிலில் போட்டியிடுவதால் டிரிப்டோஃபான் மிகுதியாக உள்ளே செல்லும். அங்கே செரட்டோனினாக மாறி அயர்வைத் தரும். அழகிய விளக்கம்தான். ஆனால் கிளைத்தொடர் அமினோ அமிலங்களைக் குடிக்கக் கொடுத்துச் செய்த சோதனைகள் உறுதியான பயன் காட்டவில்லை. செரட்டோனினைத் தனியே குற்றவாளியாக்குவதை விட்டு, டோபமினோடு அது கொள்ளும் விகிதத்தை ஆய்வாளர் பேசலாயினர்.

வெப்பம் பற்றிய சோதனை நம் நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. டோபமின், நாரட்ரினலின் ஆகியவற்றின் செயலை நீட்டிக்கும் புப்ரோப்பியான் மருந்தை 2005இல் மிதிவண்டி வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 18 பாகை செல்சியசில் பயனில்லை. 30 பாகையில் செயல்திறன் சுமார் 9 விழுக்காடு உயர்ந்தது. உடல் வெப்பம் கூடியிருந்தும் வீரர்கள் கூடுதல் சிரமத்தை உணரவில்லை என்பதே அச்சத்துக்குரிய செய்தி. அயர்வு உடலைக் காக்கும் தடை. வேதிப்பொருளால் அதனைத் தளர்த்தினால் ஆபத்து. 1967இல் வான்டூ மலையேற்றத்தில் ஆம்ஃபெட்டமின் உட்கொண்டிருந்த டாம் சிம்சன் வெயிலில் விழுந்து இறந்தது இதன் முன்னறிகுறி. ஹில்லின் ‘ஆளுநரை’ மீட்டெடுத்த தென்னாப்பிரிக்கரான டிம் நோக்ஸ் அந்த ஆளுநரை மூளையில் வைத்தார். அக்கோட்பாட்டைச் சோதித்து மறுப்பது அரிது என்பார் கூற்றில் வலு உண்டு.

மோசோவின் சோதனை 2009இல் புதுவடிவில் திரும்பியது. சாமுவேல் மார்கோராவும் உடனாய்வாளர்களும் 16 பேரை 90 நிமிடம் கவனத்தைக் குவிக்கும் கணினிப் பணியில் இருத்திவிட்டு மிதிவண்டி ஓட்டச் செய்தனர். பணி செய்யாத நாளில் சராசரியாக 754 நொடி தாங்கியவர்கள், பணிக்குப் பின் 640 நொடியே தாங்கினர். இதயத்திலோ தசையிலோ இதற்கான காரணம் புலப்படவில்லை. ஓட்டம் கடினமாகத் தோன்றியது, அவ்வளவே. இடைவிடாக் கவனத்தால் மூளையில் அடினோசின் சேர்வது காரணமாகலாம் என்பது ஒரு கருத்து. முன்மூளையில் குளுட்டமேட் சேர்வதை 2022இல் பாரிசு ஆய்வாளர் காட்டினர். அடினோசினின் வாயிலை அடைத்து நிற்பது காஃபீன். தறியை விட்டெழுந்த நெசவாளர் தேநீர் தேடுவதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா?

குழித்தறியில் அமர்ந்தவர்

சேவூர் நெசவாளரின் கால்கள் குழிக்குள் மிதியை மாறி மாறி அழுத்துகின்றன. கை நாடாவை ஓட்டுகிறது. கண் பாவு இழைகளையும் கரைப் பூவேலையையும் விட்டு அகலக்கூடாது. ஓர் இழை அறுந்தால் உடனே காணவேண்டும். காணாமல் நெய்தால் துணியில் பழுது, கூலியில் பிடித்தம். தசை வலிமையை மட்டும் அளப்பின் இது கடும் உழைப்பன்று. ஆனால் மார்கோரா தனித்தனியே பிரித்து வைத்த இரண்டும், அதாவது குவிந்த கவனமும் உடலுழைப்பும், இங்கே ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. அதுவும் 90 நிமிடம் அன்று, பகல் முழுதும். கோடையில் 40 பாகையைத் தொடும் வட ஆர்க்காட்டு வெயிலில்.

கைத்தறி நெசவாளரைப் பற்றிய இந்தியப் பணிச்சூழலியல் ஆய்வுகள் பெரும்பாலும் முதுகு, கழுத்து, தோள் வலியையே கணக்கிட்டன. அவை தேவையானவை, இருக்கையும் மிதியும் திருந்த உதவுபவை. ஆயினும் அவை நெசவாளரைத் தசையும் எலும்புமாகவே காண்கின்றன.

1943–44இல் ஹில் இந்தியாவுக்கு வந்து அறிவியல் ஆராய்ச்சியின் அமைப்பைப் பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். அகில இந்திய மருத்துவ நிலையம் உருவானதில் அவ்வறிக்கைக்கும் பங்குண்டு. தசை ஆய்வை வாழ்நாள் பணியாகக் கொண்டவர் வந்துபோன நாட்டில், வீட்டுத்தறி இன்னும் அளவீட்டுக்குக் காத்திருக்கிறது. மோசோவின் சோதனைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. காலையில் தறியில் அமருமுன் ஒருமுறையும் மாலையில் எழுந்தபின் ஒருமுறையும் கைப்பிடி வலிமையையும் தாங்கும் நேரத்தையும் அளக்க ஒரு பிடிமானியும் நிறுத்தற்கடிகாரமும் போதும். வேலூர் மருத்துவக் கல்லூரி ஒருமணி நேரப் பயணத்தொலைவில்தான் உள்ளது. அவ்வளவுகள் கிடைத்தால், புடவைக்கணக்கில் பேசப்படும் கூலியில் கவனத்தின் உழைப்புக்கு எவ்வளவு என்னும் கேள்வியைக் கூட்டுறவுச் சங்கத்திலும் கூலிப் பேச்சிலும் எண்ணோடு எழுப்ப முடியும்.