ஒவ்வொரு பில்லும் டேலி ஆகுமா? காம்ப்டனின் மோதல் கணக்கு

கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் ஒரு காயினை ஓரமாகத் தட்டினால் ரெண்டும் ரெண்டு பக்கமாகப் பிரியும். இருபரிமாண மோதல் என்பது இதுதான். உந்தத்துக்குத் திசை உண்டு. அதனால் நேர்த்திசைக்கு ஒரு சமன்பாடு, பக்கவாட்டுக்கு ஒரு சமன்பாடு. முதலில் பக்கவாட்டு உந்தம் சுழியம் என்றால், மோதிய பிறகும் கூட்டினால் சுழியம்தான் வரணும். மீள் மோதலில் ஆற்றலுக்கு மூன்றாவது சமன்பாடு. ஆனால் தெரியாதவை நாலு: ரெண்டு வேகம், ரெண்டு கோணம். ஆக, ஒரு கோணத்தை அளந்துவிட்டால் மத்த மூணும் கணக்கிலேயே வந்துடும்.

1923-ல் ஆர்தர் காம்ப்டன் இதே கணக்கை எக்ஸ் கதிருக்குப் போட்டார். ஒளித்துகள் ஒன்று எலக்ட்ரானில் மோதுகிறது. அதன் உந்தம், பிளாங்க் மாறிலியை அலைநீளத்தால் வகுத்தது. 90 டிகிரி திரும்பும் கதிரின் அலைநீளம் சுமார் 0.0024 நானோமீட்டர் கூடணும் என்றது கணக்கு. கிராஃபைட்டில் அளந்தபோது ஏறக்குறைய அப்படியே வந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. 1924-ல் நீல்ஸ் போர், கிராமர்ஸ், ஸ்லேட்டர் மூவரும் ஒரு குண்டைப் போட்டார்கள்: அணு அளவில் ஆற்றலும் உந்தமும் சராசரியாகத்தான் மாறாமல் இருக்கும், ஒவ்வொரு மோதலிலும் அல்ல. காம்ப்டன் அளந்ததும் எக்கச்சக்கமான மோதல்களின் மொத்த விளைவைத்தானே! வருஷக் கடைசியில் லெட்ஜர் டேலி ஆனது சரி, ஒவ்வொரு பில்லும் டேலி ஆச்சா?

பில் பில்லாகப் பார்க்க, காம்ப்டனும் சைமனும் முகிற்கலத்தை எடுத்தார்கள். அடிபட்ட எலக்ட்ரான் அதில் தடம் விடும், ஒளித்துகள் விடாது. ஆனால் அது இன்னொரு அணுவில் பட்டு வேறொரு எலக்ட்ரானைக் கிளப்பினால், அந்தத் தடம் தொடங்கும் இடம் ஒளித்துகள் போன திசையைக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் எலக்ட்ரானின் கோணத்தை வைத்து அந்தத் திசையைக் கணக்கிடலாம். போர் சொன்னது சரியென்றால் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. 1925-ல் வந்த படங்கள் சம்பந்தம் இருப்பதைக் காட்டின. எலக்ட்ரானும் சிதறிய கதிரும் ஒரே சமயத்தில் வெளிப்படுவதை அதே ஆண்டு பெர்லினில் போத்தேவும் கைகரும் காட்டினார்கள். போர் தன் கருத்தைக் கைவிட்டார்.

இன்று செர்ன் ஆய்வகத்தில் ஒரு மோதலின் பக்கவாட்டு உந்தங்களைக் கூட்டி சுழியம் வரவில்லை என்றால், விதியை யாரும் சந்தேகப்படுவதில்லை. நியூட்ரினோ மாதிரி கருவியில் சிக்காத ஏதோ ஒன்று தப்பிப் போயிருக்குமோ என்றுதான் தேடுகிறார்கள். அந்தத் தைரியம் 1925-ன் படங்களிலிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.