யாழ்நூல் முதல் மின் கிற்றார் வரை: நரம்பளவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இசைக்கருவியொன்றை முதன்முதலாகச் செய்ய விழைவோன் பெரும்பாலும் அதன் உருவத்தையே முதலில் வரைகின்றான். கொம்புபோல் வளைந்த உடல், பளபளக்கும் நிறம், பெயர்பெற்ற கலைஞர் ஒருவரின் கருவியை ஒத்த தலைப்பகுதி என்பன அவன் உள்ளத்தை நிறைக்கின்றன. ஆயின் நரம்புக் கருவிகளின் வரலாற்றை நோக்குமிடத்து, அவற்றுக்கு அடிப்படையாய் அமைந்தது உருவமன்று, நரம்பின் நீளமே என்பது புலனாகும். ஏறாவூரிலோ அயலிலுள்ள வந்தாறுமூலையிலோ இருந்துகொண்டு தனக்கென ஒரு மின் கிற்றாரை அமைக்கத் திட்டமிடும் இளைஞனுக்கு இவ்வரலாறு வெறும் பழங்கதை அன்று. அரிதிற் கிடைத்த பலகையொன்று வீணாகாது காப்பதும் அதுவே.

இக்கீழ்க்கரை நாடே இதற்குச் சிறந்த சான்றொன்றைத் தருகின்றது. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். அவர் யாழை ஆராயப் புகுந்தபோது அக்கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. பார்த்துச் செய்தற்கு ஒரு யாழும் இருந்திலது. இலக்கியக் குறிப்புக்களும் கணிதமுமே துணை. கருவியின் உறுப்புக்களை யாழுறுப்பியலிலும், நரம்புகளின் இசைநிலைகளை இசைநரம்பியலிலும் ஆராய்ந்து, இசைகளுக்கிடையேயுள்ள விகிதங்களை எண்ணளவிற் கணித்துக் காட்டினார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அந்நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். யாழ்நூலை இலக்கிய நூலாக மட்டும் போற்றி, அதன் கணக்குகளைத் தாண்டிச் செல்லும் நம் வழக்கம் வருந்தத்தக்கது. அக்கணக்குகளின்றி அந்நூல் இல்லை.

யாழில் நரம்பொன்றுக்கு ஓர் இசை, மெட்டுக்கள் இல்லை. வீணையில் 24 மெட்டுக்கள் மெழுகின்மேற் பதிக்கப்படுகின்றன. இடம் பிழைத்தால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். கிற்றாரிலோ வாளால் வெட்டிய பள்ளத்தில் மெட்டுக்கம்பி அறையப்படுகின்றது. வெட்டியபின் நகர்த்த வழியில்லை. எனவே வீணை செய்வோன் காதினால் இறுதியிற் செய்யும் வேலையைக் கிற்றார் செய்வோன் தாளிலும் அளவுகோலிலும் தொடக்கத்திலேயே செய்து முடித்தல் வேண்டும்.

இவ்வளவுக்கு ஐரோப்பியர் நெடுங்காலம் கையாண்ட விதி எளியது. வானியலறிஞர் கலிலியோவின் தந்தையாரான வின்சென்சோ கலிலி 1581இல் வெளியிட்ட நூலில் அது காணப்படுகின்றது: எஞ்சிய நரம்பின் நீளத்தில் 18இல் ஒரு பங்கைக் கொண்டு அடுத்த மெட்டை அமைக்க. மூன்றாண்டுகளின் பின், 1584இல், சீன இளவரசரான சூ சாயு ஒரு மண்டிலத்தை 12 சம படிகளாகப் பகுக்கும் நுண்கணக்கைத் தந்தார். அக்கணக்கின்படி வகுக்கும் எண் 18 அன்று, 17.817 ஆகும். வேறுபாடு அற்பமெனத் தோன்றலாம். 648 மில்லிமீற்றர் நீளமுள்ள நரம்பில் முதல் மெட்டு 36.4 மில்லிமீற்றரில் அமையும். பழைய விதியால் 36. ஆயின் 12ஆம் மெட்டு நரம்பின் நட்டநடுவே, 324இல் நிற்க வேண்டியிருக்க, பழைய விதி அதனை ஏறத்தாழ 321.6இல் நிறுத்தும். விரல் அழுத்தும்போது நரம்பு சிறிது இறுகுதலால் இக்குறை ஓரளவு ஈடுசெய்யப்பட்டது. அவ்விதி நீடித்தமைக்கு அதுவே காரணம் போலும். இன்று அவ்வீட்டினைக் குதிரையைச் சிறிது பின்தள்ளிப் பெறுகின்றனர். இன்னொன்று: ஒவ்வொரு மெட்டையும் மேருவிலிருந்தே அளத்தல் வேண்டும். முந்திய மெட்டிலிருந்து அளந்து செல்வோனுக்கு ஒவ்வோர் அளவின் பிழையும் தொகையாகிப் பெருகும்.

இனி மின் கிற்றார். அமெரிக்காவில் யோர்ச் போசாம்ப் அமைத்து, றிக்கன்பேக்கரின் துணையோடு 1932இல் விற்பனைக்கு வந்த கருவியில், காந்தத்தின் அருகே அதிரும் உருக்குக் கம்பி சுருளில் மின்னோட்டத்தைத் தோற்றுவித்தது. ஒலி பெருக்கப் பெட்டகம் தேவையற்றதாயிற்று. மாறாக, உட்குழிவான உடல் ஒலிபெருக்கியின் ஓசையைத் தானும் ஏற்று ஊளையிட்டது. லெஸ் போல் என்னும் கலைஞர் 1940 அளவில் ஒரு திண்ணிய பைன் கட்டையில் நரம்பு கட்டி வாசித்தது இதற்கு மாற்றாகவே. 1950இல் திண்ணுடல் கிற்றாரைச் சந்தைக்குக் கொணர்ந்த லியோ பெண்டர் வானொலி திருத்துபவர். கிற்றார் வாசிக்க அறியாதவர்! அவர் கழுத்தை ஒட்டாமல் நான்கு திருகாணிகளாற் பொருத்தினார். கழுத்துப் பழுதாயின் கழற்றி வேறொன்றை மாட்டலாம். முதன்முறை செய்வோனுக்கு இதனினும் நற்பேறு இல்லை.

அவ்வாறு முதன்முறை செய்தோருள் புகழ்பெற்றவர் இங்கிலாந்தின் பிரையன் மே. விலைகொடுத்து வாங்க வசதியின்மையால், 1963இல் பள்ளி மாணவராயிருந்த அவரும் மின்னணுத் துறையிற் பணியாற்றிய தந்தையும் வீட்டிலேயே வேலையைத் தொடங்கினர். பழைய அடுப்படிச் சட்டத்தின் மகோகனி மரம் கழுத்தாயிற்று. புழுத் துளைகள் தீக்குச்சிகளால் அடைக்கப்பட்டன. மோட்டார் சைக்கிளின் சுருள்வில் கம்பிகளின் இழுவிசையைத் தாங்கியது. காந்தச்சுருள்களையும் அவரே சுற்றிப் பார்த்தார். நரம்பை வளைத்து வாசிக்கையில் வேண்டாத ஓசை எழுந்தமையால் பின்னர் கடையில் வாங்கியவற்றைப் பொருத்தினார். எதனைத் தானே செய்வது, எதனை வாங்குவது என்ற தெளிவும் திட்டத்தின் பகுதியே. ஏறத்தாழ ஈராண்டில் முடிந்த அக்கருவியை அவர் குயீன் குழுவோடு உலகெங்கும் வாசித்தார்.

ஏறாவூரில் அடுப்படி மகோகனியைத் தேடுதல் வீண். ஆயின் பழைய வீடுகளின் நிலைகளும் கதவுகளும் உண்டு. தஞ்சை வீணைக்குரிய பலா உடலுக்கு ஏற்றது. இலங்கையில் அனுமதியின்றிப் பலாவைத் தறித்தல் சட்டவிரோதமாதலின், பழம்பலகையே நேர்வழியும் ஆகும். கழுத்துக்குத் தேக்கு, மெட்டுப் பலகைக்கு முதிரை எனக் கொள்ளலாம். கைத்தொழிற் பயிற்சிக்கும் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் தலைமுறைகளாகத் தச்சரும் கொல்லருமாய் இருந்தவர்கள். வயலினும் கிற்றாரும் றபானும் கொண்டு கபிறிஞ்ஞா இசையைப் பேணியவர்கள். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை டச்பார்க் குடியிருப்பைச் சிதைத்தபோது அவர்கள் பட்ட இழப்புப் பெரிது.

எஞ்சுவது பருவம். ஆறு கம்பிகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 45 கிலோகிராம். அதனைத் தாங்கும் கழுத்தினுள் உருக்குக்கோல் ஒன்றைப் புதைத்தல் 1920கள் தொட்டுள்ள வழக்கு. ஆயினும் ஈரமரம் முறுக்கினால் அக்கோலும் நிமிர்த்தாது. வாடைக்காற்று வீசும் மாரியில் வாங்கிய பலகை நீருண்டு பருத்திருக்கும். அதனைக் கூரையின் கீழ்க் காற்றோட்டமாக அடுக்கி, கச்சான் வீசி ஓயும்வரை உலரவிட்டு, அதன்பின்னரே சீவுளியைக் கையிலெடுத்தல் வேண்டும். அம்மாதங்களில் மெட்டளவை முழு அளவிலே தாளில் வரைந்து, மும்முறை சரிபார்த்து முடிக்கலாம்.