பெட்டியில் வந்த சாக்லேட்: ஒரு சின்ன வரலாறு



ஜூன், ஜூலை பிறந்துவிட்டால் எங்கள் காரைக்காலில் இரண்டு கூட்டம் வந்து இறங்கும். ஒன்று, வளைகுடா நாடுகளிலிருந்து லீவில் வருபவர்கள். இன்னொன்று, பிரான்சிலிருந்து கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருபவர்கள். இரண்டு கூட்டத்தின் பெட்டியிலும் தவறாமல் இருக்கும் ஒரு பொருள் என்ன தெரியுமா? சாக்லேட்!

தங்கம் கொண்டுவந்தால் காரணம் புரிகிறது. டிவி, செல்போன் என்றாலும் புரிகிறது. ஆனால் வெயில் காலத்தில், ஆயிரக்கணக்கான மைல் தாண்டி, உருகிப்போகும் ஒரு தின்பண்டத்தை ஏன் சுமந்து வரவேண்டும்? "எல்லாம் ஒரு பந்தாதான்" என்று சிலர் சொல்வார்கள். வணிகவியல் படிக்கிற எனக்கு அந்தப் பதில் போதவில்லை. எந்தப் பழக்கத்துக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கைத் தேடிப் போனபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

நம் ஊரில் தாளில் சுற்றிய எந்த இனிப்பும் 'சாக்லேட்'தான். கடலூருக்குப் பக்கத்தில் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி செய்த மிட்டாயும் சாக்லேட். பள்ளிக்கூடத்தில் பிறந்தநாளுக்குக் கொடுக்கும் ஆரஞ்சு மிட்டாயும் சாக்லேட். உண்மையான சாக்லேட்டுக்குக் கொக்கோ வேண்டும்.

கொக்கோ நமக்கு அவ்வளவு புதிது இல்லை. 1798-லேயே அம்பாய்னா தீவிலிருந்து கொண்டுவந்து குற்றாலத்தில் நட்டிருக்கிறார்கள். ஆனால் அது அப்போது பெரிய விவசாயமாக வளரவில்லை. கேட்பரி கம்பெனி 1948-ல் இந்தியாவுக்கு வந்தபோது சாக்லேட்டை இறக்குமதி செய்துதான் விற்றது. 1965-க்குப் பிறகுதான் கேரளத்தில் கொக்கோ பயிரைப் பரப்பும் வேலை முறையாகத் தொடங்கியது. ஆக, நம் தாத்தா பாட்டிகளின் சின்ன வயதில் சாக்லேட் என்பது பெரும்பாலும் கப்பலில் வந்த சரக்கு.

காரைக்காலிலிருந்து போன கப்பல்கள்

சாக்லேட்டில் முக்கியமான இரண்டு பொருள்கள் சர்க்கரையும் கொக்கோவும். இந்த இரண்டும் விளைந்த தீவுகளுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஆனால் அது இனிப்பான தொடர்பு இல்லை.

1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது காரைக்கால். பிரெஞ்சுக் காலனிகளில் 1848-ல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பற்றாக்குறை. அடுத்த சில ஆண்டுகளிலேயே புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களை ஏற்றி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். 1861-ல் பிரிட்டனும் பிரான்சும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க வழி பிறந்தது. 1880-களின் கடைசி வரை இது நடந்தது. குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேரும், மார்த்தினிக்குக்கு 25,000 பேரும் இந்தியாவிலிருந்து போனார்கள். தஞ்சை, காரைக்கால் பக்கத்துத் தமிழர்கள் அவர்களில் ஏராளம்.

ஒப்பந்தக் காலம் முடிந்தால் ஊர் திரும்ப உரிமை உண்டு என்று காகிதத்தில் இருந்தது. ஆனால் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. சர்க்கரையும் கொக்கோவும் விளைந்த மண்ணில் வேலை செய்தவர்கள், வீட்டுக்கு ஒரு கைப்பிடி இனிப்புகூடக் கொண்டுவராமல் அங்கேயே மண்ணாகிப் போனார்கள். பெட்டி நிறையப் பொருளோடு ஒருவர் திரும்பி வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரிகிறதல்லவா?

பிரெஞ்சுக் கொடியும் சுங்கச் சாவடியும்

அடுத்த கட்டம் இன்னும் சுவாரஸ்யமானது. காரைக்காலைச் சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா. நடுவில் எங்கள் ஊர் மட்டும் பிரெஞ்சு. சுங்க வரி விஷயத்தில் தொல்லை வேண்டாம் என்று 1941-ல் இரண்டு தரப்பும் சுங்க உடன்பாடு செய்துகொண்டன. சுதந்திரத்துக்குப் பிறகு, 1949-ல், அந்த உடன்பாடு முடிவுக்கு வந்தது. உடனே எல்லையில் இந்தியா கெடுபிடியை அதிகமாக்கியது. அந்தப் பக்கம் வெளிநாட்டுச் சரக்கு தாராளமாக இறங்குகிறது, இந்தப் பக்கம் கட்டுப்பாடு. விளைவு? பிரெஞ்சுப் பகுதிகள் வழியாகத் தங்கம், வைரம், கைக்கடிகாரம் எல்லாம் கடத்தப்படுகின்றன என்று இந்திய அரசு புகார் சொல்லும் நிலை வந்தது. விலை வித்தியாசம் இருக்கும் இடத்தில் சரக்கு தானாக நகரும். இது எங்கள் பாடப்புத்தகத்தின் முதல் பாடம் :-)

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. அதன் பிறகு ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வழி இருந்தது. நான்கு பகுதிகளையும் சேர்த்து ஏறத்தாழ 5,000 பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற 'சொல்தா'க்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்... ஜூலை மாதக் கூட்டத்தின் ஆரம்பம் இதுதான்.

லைசென்ஸ் காலம்

இனிமேல்தான் நமது சாக்லேட் கணக்கு ஆரம்பம். 1947-ல் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1957 வாக்கில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது கட்டுப்பாடு இன்னும் இறுகியது. கையில் இருக்கும் டாலரில் இயந்திரம் வாங்குவதா, சாக்லேட் வாங்குவதா? அரசு இயந்திரத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. நுகர்பொருள்களை வியாபாரிகள் இறக்குமதி செய்ய அநேகமாக வழியே இல்லாமல் போனது.

ஆனால் ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது. பயணியின் சொந்தப் பெட்டி! ஒரு வரம்பு வரை வரி கட்டாமல் கொண்டுவரலாம். கடைக்காரரால் கொண்டுவர முடியாத பொருளை ஒரு கூலித் தொழிலாளியால் கொண்டுவர முடிந்தது. 'பாரின் சாக்லேட்'டுக்கு அந்த மரியாதை வந்ததற்குக் காரணம் ருசி மட்டுமில்லை. காசு இருந்தாலும் கடையில் கிடைக்காது என்பதுதான்.

அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. 'ரஜூலா', அதன் பிறகு 'சிதம்பரம்'. சிங்கப்பூர்ச் சபராளிகள் கப்பலில் வந்ததால் டிரங்குப் பெட்டி, போர்வை, பிஸ்கட் டின், கோடாலித் தைலம் என்று கனமான சாமான்களையும் கொண்டுவர முடிந்தது. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்த பிறகு அந்தப் பயணமும் நின்றுபோனது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடாவில் வேலை பெருகியது. அங்கே போக வர விமானம். விமானத்தில் கிலோ கணக்கு! 20 கிலோ, 30 கிலோவுக்குள் ஊருக்கே பொருள் வாங்க வேண்டும். என்ன செய்வது?

பங்கு

இந்த இடத்தில் கிளிஞ்சல்மேட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். காரைக்கால் கடற்கரையில் உள்ள மீனவ கிராமம். மீன்பிடித் தொழிலில் மாதச் சம்பளம் என்பது வழக்கமில்லை, பங்குதான். விற்ற பணத்தில் செலவு போக, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு. ஊர் வரியும் தலைக்கட்டுக் கணக்கில்தான். சோழமண்டலக் கரையில் சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரணத்தைக்கூடப் பல மீனவப் பஞ்சாயத்துகள் எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்தன. "கிடைத்ததைப் பிரி" என்பது கடல்கரையின் சட்டம்.

பஹ்ரைனுக்கோ, சவுதிக்கோ, ஈரானுக்கோ மீன்பிடிக்கப் போகிற ஒருவர் இந்தச் சட்டத்தோடுதான் போகிறார். திரும்பி வரும்போது அவரும் பங்கு வைக்க வேண்டும். சம்பளத்தை ஊருக்குப் பிரிக்க முடியாது. சட்டைத் துணி என்றால் நாலு பேருக்குத்தான் வரும். அஞ்சாவது ஆளுக்கு மனஸ்தாபம்! இப்போது சாக்லேட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். 2 கிலோ பாக்கெட், ஒன்று 10 கிராம் என்றால் 200 சாக்லேட். 50 வீட்டுக்கு வீட்டுக்கு நாலு. யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெட்டியில் 2 கிலோ எடை, ஊரில் 50 வீட்டுக்கு மரியாதை. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பேருக்குப் பிரிக்கக்கூடிய வெளிநாட்டுப் பொருள் வேறு எது சொல்லுங்கள்?

எங்கள் தெருவில் யார் வந்தாலும் மறுநாள் காலை அந்த வீட்டம்மா முறத்தில் கூறு போட்டு வைத்துவிடுவார். மீனைக் கூறு போடுவது போலவே! விட்டுப்போன வீடு எதுவும் இருக்கக்கூடாது என்று பாட்டி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

வெள்ளை பூத்த சாக்லேட்

சாக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் உருகிவிடும். நம் வாயின் சூட்டில் கரைவதற்குக் காரணம் அதுதான். சென்னை விமான நிலையத்திலிருந்து காரைக்காலுக்கு மே, ஜூன் வெயிலில் வேன் டிக்கியில் வந்தால் என்ன ஆகும்? உருகி, பிறகு இறுகி, மேலே சாம்பல் பூசியது போல வெள்ளை பூக்கும். "பூசணம் பிடித்துவிட்டது" என்று சில வீடுகளில் தூக்கி எறிந்துவிடுவார்கள். அது பூசணம் இல்லை. பிரிந்து மேலே வந்து மறுபடி உறைந்த கொழுப்பு, அவ்வளவுதான். ருசி கொஞ்சம் குறையும், உடம்புக்குக் கெடுதல் இல்லை. எங்கள் ஊரில் பலர் முதலில் பார்த்த வெளிநாட்டுச் சாக்லேட்டே இப்படி வெள்ளை பூத்ததுதான் என்பதால், அதுதான் அதன் நிறம் என்று நினைத்தவர்களும் உண்டு!

கதவு திறந்த பிறகு

1991 சீர்திருத்தத்திலும் நுகர்பொருள் இறக்குமதி பெரிதாகத் திறக்கவில்லை. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்து, 1999-ல் இந்தியா தோற்றது. அதன் பிறகு 2000 ஏப்ரல் 1-ல் 714 பொருள்களுக்கும், 2001 ஏப்ரல் 1-ல் மீதி 715 பொருள்களுக்கும் அளவுக் கட்டுப்பாடு நீங்கியது. வரி கட்டினால் யாரும் கொண்டுவரலாம் என்றானது. ஜி.எஸ்.டி வந்த 2017 ஜூலையில் சாக்லேட்டுக்கு 28 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் 18 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்.

இப்போது காரைக்கால் கடைத்தெருவிலேயே அந்த முக்கோணச் சாக்லேட்டும் கிடைக்கிறது, தங்கத்தாள் சுற்றிய உருண்டையும் கிடைக்கிறது. அப்படியென்றால் பெட்டியில் சாக்லேட் வருவது நின்றிருக்க வேண்டும். ஆனால் நிற்கவில்லையே! பொருளாதாரக் காரணம் 2001-லேயே போய்விட்டது. பிரிப்பதற்கு வசதி என்பதற்காக மட்டும் என்றால் அதையும் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பிறகு ஏன்?

என் பதில் இது. 2020-ல் கொரோனா காலத்தில் ஈரானில் வேலையும் இல்லாமல், திரும்ப வழியும் இல்லாமல் நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பெரும்பாலோர் தமிழக மீனவர்கள். ஜூலை 1-ல் ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் 687 பேரை பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அன்றைக்கு அவர்கள் என்ன கொண்டுவந்தார்கள் என்று எந்த வீட்டிலும் முதலில் கேட்டிருக்க மாட்டார்கள். ஆள் வந்ததே போதும். மற்ற ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு போகும் நாலு சாக்லேட்டும் அதைத்தான் சொல்கிறது: போனவர் உயிரோடு, கையில் எதையோ மிச்சம் பிடித்து, திரும்பி வந்துவிட்டார். மார்த்தினிக்குக்குக் கப்பல் ஏறித் திரும்பாதவர்களின் வீடுகளுக்கு அந்தச் செய்தி கடைசிவரை வரவே இல்லை.

ஆகவே, அடுத்த முறை யாராவது வெள்ளை பூத்த சாக்லேட் ஒன்றை நீட்டினால் "இது இங்கேயே கிடைக்குதே" என்று சொல்லிவிடாதீர்கள் நண்பர்களே. வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை வருஷம் கழித்து வந்தார், திரும்ப எப்போது போகிறார் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். அந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறாது. நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.